வைக்கோல் நிறத்தில் ஒரு பை

ஊசி ஏறியதும் நான் கையைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்ப்பேன். ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலிருந்து சமூக மன்றத்துக்குப் பத்து நிமிட நடை. ரத்ததான முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூப்பந்து மண்டபத்தில் சாய்வுக் கட்டில்கள் போட்டிருப்பார்கள். தரையில் ஆடுகளத்தின் வெள்ளைக்கோடுகள் அப்படியே இருக்கும். கட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன இயந்திரத் தட்டு, அதன்மேல் பை. தட்டு இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டே இருக்கும், தூளியில் போட்ட பிள்ளையை ஆட்டுகிற மாதிரி. நிறுத்தினால் பைக்குள் முன்பே ஊற்றி வைத்திருக்கும் உறைதடுப்பு மருந்தோடு ரத்தம் சரியாகக் கலக்காது, கட்டி தட்டிப்போகும்.

"அங்கிள், பந்தை அமுக்குங்க, விடுங்க. தூங்கிறாதீங்க" என்பார் தாதி. பத்து நிமிடத்தில் 450 மில்லி. உடம்பு மெலிந்தவர்களிடம் 350 எடுப்பார்கள். பிறகு குடிக்க மைலோ, பிஸ்கட், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பொட்டலம் இரும்புச்சத்து மாத்திரை. காசு கிடையாது. கேட்டாலும் கொடுக்க முடியாது. 1987-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் சிறுநீரகத்தோடு ரத்தத்தையும் சேர்த்தே சொல்கிறது: விலை பேசி விற்பதாக ஒப்புக்கொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது, பேசியவர் குற்றவாளி. மைலோவை விலை என்று எந்த வழக்கறிஞரும் இதுவரை வாதிட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வெயிலில் போகாமல் படுத்துவிடுவேன். பை எங்கே போகிறது என்று பல வருடம் கேட்டதே இல்லை. யாருக்காவது விபத்து, யாருக்காவது அறுவை சிகிச்சை, அங்கே போகும் என்று பொதுவாக ஒரு நினைப்பு. அது சிவப்பின் கதை. அதே பைக்குள் மஞ்சளுக்கு வேறொரு கதை இருக்கிறது, இன்னும் நீளமாக.

முகாம் முடிந்ததும் பைகள் குளிர்பெட்டியில் அவுட்ரம் சாலைக்குப் போகின்றன. சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டடத்தில்தான் தேசிய ரத்த வங்கி. 1946-இல், போர் முடிந்த கையோடு தொடங்கிய சேவை அது; ஆள் சேர்க்கும் வேலையை 2001 முதல் செஞ்சிலுவைச் சங்கம் பார்க்கிறது. அங்கே பையை ஒரு சுழலியில் வைத்துச் சுற்றுகிறார்கள். மத்தில் தயிர் சுழலும்போது வெண்ணெய் ஒதுங்குகிறதல்லவா, அதைப்போலத்தான், ஆனால் பல மடங்கு வேகம். கனமான சிவப்பணு அடியில் தங்கும். நடுவில் ஆடைபோல வெள்ளையணுவும் தட்டணுவும். மேலே தெளிந்து நிற்பது பிளாஸ்மா. ரத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான், ஏறக்குறைய 55 சதவீதம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். நிறம் வைக்கோல். முந்தின நாள் எண்ணெய்ப் பலகாரம் ஒரு கை பார்த்துவிட்டு வந்தவருடையது பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். தீபாவளி வாரத்தில் கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

தமிழில் இதற்குக் குருதிநீர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல சொல். ஆனால் 2020-இல் கொரோனா வந்து, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஜூலை மாதம் பிளாஸ்மா வங்கி திறந்து, "குணமானவர் பிளாஸ்மா அவசரமாகத் தேவை, பி பாசிட்டிவ்" என்று வாட்சப் முழுக்க ஓடியபோது பிளாஸ்மா என்ற சொல்லே வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. அந்த வைத்தியம் பலிக்கவில்லை என்று அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வே சொன்னது. 2021 மே மாதம் சிகிச்சைப் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள். வைத்தியம் போனது, சொல் தங்கிவிட்டது.

சுழலியிலிருந்து இறங்கிய பையை ஒரு தகட்டுக்கும் இன்னொரு தகட்டுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினால், மேலே நிற்கும் மஞ்சள் குழாய் வழியே பக்கத்துப் பைக்கு ஏறும். இந்த இடத்தில்தான் மூன்று பேரும் பிரிகிறார்கள். தட்டணுவுக்கு 5 நாள் ஆயுள், அறை வெப்பத்தில், அதுவும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பணுவுக்குக் குளிர்பெட்டியில் 42 நாள். பிளாஸ்மாவை உறைய வைத்துவிட்டால் ஒரு வருடம் தாங்கும். உறைந்த பை கண்ணாடி மாதிரி. கைதவறிப் போட்டால் விரிசல் விட்டுவிடும். ஒரு பையிலிருந்து கிடைக்கும் பிளாஸ்மா கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மங்கலான மஞ்சள் பனிக்கட்டிப் பலகை ஒன்று, அவ்வளவுதான். ஹெச்ஐவி, மஞ்சள் காமாலையின் பி, சி கிருமிகள், மேகநோய் எல்லாவற்றுக்கும் சோதனை முடிந்து நல்லது என்று பேர் வாங்கும்வரை அது தனியே கிடக்கும்.

மஞ்சளை மட்டும் கொடுப்பதற்கும் வழி உண்டு. அதற்கு நாமே போக வேண்டும். முன்பெல்லாம் ஆங் மோ கியோவிலிருந்து அவுட்ரம் போக எம்ஆர்டியில் இடையில் இறங்கி மாற வேண்டும். சிங்கப்பூரில் முதன்முதலாக 1987 நவம்பர் 7-ஆம் தேதி ரயில் ஓடிய ஐந்து நிலையங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம். இப்போது மேஃபிளவர் நிலையத்தில் ஏறினால் தாம்சன் பாதையில் மாறாமல் அவுட்ரம் பார்க். அங்கே ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்க வேண்டும். ரத்தம் வெளியே போகும், உள்ளேயே சுழலும், மஞ்சள் ஒரு பைக்கு, சிவப்பு திரும்ப நம் கைக்கே. திரும்பி வரும்போது நரம்பு சில்லென்று இருக்கும். உறைதடுப்பு மருந்து உடம்பின் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்வதால் உதட்டில் எறும்பு ஊறும். "ஊறுதா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார்கள்.

இந்த இயந்திரத்துக்கு ஒரு பாட்டன் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் பார்சிலோனாவில் ஜோசப் அந்தோனி கிரிஃபோல்ஸ் லூகாஸ் என்ற மருத்துவர், எடுத்த ரத்தத்தின் சிவப்பணுவைக் கொடுத்தவருக்கே திருப்பி ஏற்றினால் அவரிடம் அடிக்கடி பிளாஸ்மா எடுக்கலாம் என்று காட்டினார். உடம்பு பிளாஸ்மாவை ஓரிரு நாளில் ஊற வைத்துக்கொள்ளும். சிவப்பணுவுக்கோ வாரக்கணக்கு. முழு ரத்தம் கொடுத்தால் சிங்கப்பூரில் அடுத்த முறைக்குப் பன்னிரண்டு வாரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். கிணற்றில் நீர் மறுநாளே ஊறிவிடும், மாமரம் காய்க்கத்தான் பருவம் வேண்டும். அந்த மருத்துவர் நாற்பத்தோரு வயதில் ரத்தப் புற்றுநோயில் 1958-இல் இறந்தார். அவர் குடும்பத்தின் நிறுவனம் இன்று உலகின் பெரிய பிளாஸ்மா வியாபாரிகளில் ஒன்று.

வியாபாரம் என்றதும் என் அக்கா மகன் ஞாபகம் வருகிறான். டெக்சஸில் மேற்படிப்பு படிக்கிறான். ஒருநாள் காணொளி அழைப்பில் வந்து, சாப்பாடு, குளிர், பரீட்சை எல்லாம் பேசி முடித்துவிட்டுத் தயங்கினான்.

"மாமா, நீங்க ரத்தம் குடுப்பீங்கல்ல? அங்க எவ்வளவு குடுப்பாங்க?"

"மைலோ குடுப்பாங்க."

"என் ரூம்மேட் வாரத்துக்கு ரெண்டு தடவை பிளாஸ்மா குடுத்துட்டு வர்றான் மாமா. கார்டுல பணம் ஏறிடுது. மளிகைக்கு அதுதான். அவன் இந்த ஊர்க்காரன்தான். என்னையும் வர்றியான்னு கேக்குறான். தப்பா?"

உடனே பதில் வரவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். பதில் தெரியாத மாமாக்கள் கேட்கிற கேள்வி.

அவன் சொன்னது அங்கே அன்றாடக் காட்சி. அமெரிக்காவில் பிளாஸ்மா கொடுப்பவருக்குப் பணம் தரலாம். ஏழு நாளில் இரண்டு முறை கொடுக்கலாம், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு நூறைத் தாண்டும். எவ்வளவு எடுப்பது என்பதை உடல் எடையைப் பார்த்து முடிவு செய்தார்கள்: நெடுங்காலமாக இருந்த அட்டவணைப்படி ஒரு தடவைக்கு 625 முதல் 800 மில்லி பிளாஸ்மா. ஆள் கனமாக இருந்தால் அதிகம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, செக் நாடுகளிலும் ஏதோ ஒரு பேரில் ஈட்டுத்தொகை உண்டு; ஆனால் ஜெர்மனியில் வருடத்துக்கு 60 தடவைக்கு மேல் கூடாது. உலகத்தில் மருந்தாகும் பிளாஸ்மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் கைகளிலிருந்து வருகிறது. பிளாஸ்மா வாங்கும் நிலையங்கள் பலவும் வருமானம் குறைந்தவர்கள் வாழும் பகுதிகளிலும் கல்லூரிகளுக்குப் பக்கத்திலும் மெக்சிகோ எல்லையோரத்திலும் இருப்பது தற்செயல் அல்ல.

ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் காட்சி அவ்வளவு அந்நியமும் அல்ல. சென்னையிலும் மதுரையிலும் பெரியாஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்கிறவர்கள் நின்ற காலம் ஒன்று இருந்தது. சொந்தக்காரர்கள் கொடுக்கப் பயந்து ஓடிவிட, நூறு ரூபாய்க்கோ இருநூறுக்கோ ஒருவர் வந்து படுத்துவிட்டுப் போவார். 1986-இல் சென்னையில் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்த பிறகு அந்த வாசல் காட்சி வேறு மாதிரி தெரியத் தொடங்கியது. காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது இந்தியாவில் நின்றது. அதே தொண்ணூறுகளில் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் பிளாஸ்மா வாங்கிய வியாபாரிகள் பலருடைய ரத்தத்தை ஒன்றாகக் கொட்டிச் சுழற்றி, மிஞ்சிய சிவப்பணுவை எல்லோருக்கும் பங்கு போட்டுத் திருப்பி ஏற்றினார்கள். கிராமம் கிராமமாக ஹெச்ஐவி பரவியது. பார்சிலோனா மருத்துவரின் அருமையான யோசனையை அதைவிடக் கேவலமாகச் செய்திருக்க முடியாது.

பிரிட்டன் கதை இதற்கு அண்ணன். ரத்தம் உறையாத நோயாளிகளுக்கு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொடுத்த மருந்தில், அமெரிக்காவில் காசுக்கும் சிறைச்சாலைகளிலும் எடுத்த பிளாஸ்மா கலந்திருந்தது. ரத்தத்தாலும் ரத்த மருந்துகளாலும் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, ஏறக்குறைய 3,000 பேர் மரணம் என்று 2024 மே 20-ஆம் தேதி பிரையன் லாங்ஸ்டாஃப் விசாரணைக் குழு அறிக்கை சொன்னது. ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேயர் 1970-லேயே ஒரு முழுப் புத்தகம் எழுதி, காசுக்கு வாங்கும் ரத்தம் ஆபத்தானது, சமுதாயத்தையும் கெடுப்பது என்று வாதாடியிருந்தார். அவர் நாட்டு அரசுதான் அந்த மருந்தை இறக்குமதி செய்தது.

இன்றைய நிலைமை அது அல்ல. அதைச் சொல்லாவிட்டால் அக்கா மகனின் அறைத்தோழனுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். இப்போது சோதனைகள் வேறு, கிருமியைக் கொல்லும் படிகள் வேறு. காசுக்கு எடுத்த பிளாஸ்மாவிலிருந்து வருகிற மருந்தால் உயிரோடு இருப்பவர்கள் லட்சக்கணக்கில். 1990-களின் இறுதியில் மாட்டுப் பித்து நோய்ப் பயத்தால் பிரிட்டன் தன் மக்களின் பிளாஸ்மாவை மருந்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, வாங்கிக்கொண்டிருந்தது. விற்பதைத் தன் மண்ணில் விரும்பாத நாடு, வாங்குவதில் கூச்சப்படவில்லை. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். விற்றவனைவிட, கைகழுவிக்கொண்டு வாங்குகிறவனைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

இலவசமாகக் கொடுத்தாலும் காசு வழியில் எங்கேயாவது ஏறிக்கொள்கிறது. இந்தியாவில் மிஞ்சிய பிளாஸ்மாவை ரத்த வங்கிகள் மருந்து ஆலைகளுக்குக் கொடுத்துப் பதிலுக்கு மருந்தோ கருவிகளோ வாங்கிக்கொள்ளலாம் என்று 2015-இல் மத்திய அரசு அனுமதித்தபோது, லிட்டருக்கு 1,600 ரூபாய் என்று மதிப்பு வைத்தார்கள். அதற்குமுன் பல இடங்களில் வைத்திருக்க இடமில்லாமல் கொட்டியே விட்டார்கள் என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: கல்லூரி முகாமில் பையன் சும்மா கொடுக்கிறான், வங்கியின் வாசலில் அதற்கு ஒரு விலை, ஆலையின் வாசலில் இன்னொரு விலை, மருந்துக்கடையில் தலைசுற்றும் விலை. விலையே இல்லாதது அந்த முதல் கை மட்டும்.

என் மஞ்சள் பைக்கு வருவோம். பரீட்சைகளில் தேறி, உறைந்து, நோயாளிக்கு நேரடியாக ஏற்றத் தேவைப்படாமல் நிற்கிற பிளாஸ்மாவைச் சிங்கப்பூர் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. இங்கே அதைப் பிரிக்கும் ஆலை இல்லை. முன்பு மெல்பர்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2019-இல் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்பந்தத்தைத் தென்கொரியாவின் எஸ்கே பிளாஸ்மா நிறுவனம் பெற்றது. அதன் ஆலை ஆண்டொங் என்ற ஊரில். முகமூடிக் கூத்துக்கும் பழைய வைக்கோல் கூரைக் கிராமத்துக்கும் பேர்போன மலையோர ஊர். அதைவிடப் பேர்போனது அங்கே காய்ச்சும் அரிசிச் சாராயம், ஆண்டொங் சோஜு. ஆலைக்குள் என் பிளாஸ்மாவை எதனால் பிரிக்கிறார்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். சாராயத்தால்தான்.

வேடிக்கை இல்லை, இதுதான் முறை. ஹார்வர்டில் எட்வின் கோன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்ட வழி. போர்முனைக்குப் பிளாஸ்மாவைக் கண்ணாடிப் புட்டியில் சுமப்பது கஷ்டமாக இருந்தது. அதிலிருந்து வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்து எடுக்கச் சொன்னார்கள். அவர் பிளாஸ்மாவில் எரிசாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார், உறைநிலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, புளிப்பையும் மாற்றி மாற்றி. ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு நிலையில் கரைய முடியாமல் அடியில் படிந்தது. எட்டு சதவீதச் சாராயத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் நார்ப்புரதம். இருபத்தைந்தில் நோய் எதிர்க்கும் புரதங்கள். நாற்பதில், புளிப்பை நன்றாக ஏற்றியபின், கடைசியாக ஆல்புமின். ரசம் வைக்கும்போது பருப்பு, புளி, பொடி என்று எது எப்போது என்ற வரிசைதான் முக்கியம் என்பார் என் அம்மா. கோனுக்கும் அதுதான். மாட்டு ஆல்புமினையும் மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார், அது விபரீதமாகப் போனது. மனித ஆல்புமின் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் தீக்காயம்பட்ட மாலுமிகளுக்குப் போனது. எண்பது வருடம் கழித்தும் அடிப்படை அதே சமையல்தான்.

ஆலையில் முதலில் பைகளைக் கிழித்து ஒரே பெரிய தொட்டியில் கரைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேருடைய பிளாஸ்மா ஒரே தொட்டியில். என்னுடையது இங்கே காணாமல் போகிறது. இது வசதிக்காக மட்டும் அல்ல. ஆயிரம் பேர் ஆயிரம் ஜுரம் கண்டவர்கள். ஆளுக்கொரு கிருமியோடு சண்டை போட்டு ஆளுக்கொரு எதிர்ப்புப் புரதம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு வந்த அம்மை, சீனப் பாட்டி ஒருவருக்கு வந்த புட்டாளம்மை, மலாய் இளைஞன் போட்டுக்கொண்ட தடுப்பூசி, எல்லாம் ஒரு தொட்டியில். அதனால்தான் இதிலிருந்து வரும் எதிர்ப்புப் புரத மருந்து வேலை செய்கிறது. மெதுவாகக் கரைக்கும்போதே அடியில் சளிபோல ஒரு படிவு தங்கும். ரத்தம் உறையாத நோயாளிகளுக்கு வேண்டிய எட்டாம் உறைவுக் காரணி அதில்தான் இருக்கிறது என்று அறுபதுகளில் ஸ்டான்ஃபோர்டில் கண்டவர் ஜூடித் பூல். மேலே நிற்கும் தெளிவு கோனின் சாராய வழியில் போகும். ஆல்புமினை 60 டிகிரியில் பத்து மணி நேரம் காய்ச்சுவார்கள். எதிர்ப்புப் புரதத்தைப் புளிப்பில் ஊறவிட்டு, கிருமி நுழைய முடியாத நுண்வடியில் வடிப்பார்கள். தொடக்கத்திலிருந்து குப்பியில் அடைபடும்வரை ஏழெட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை.

இந்தக் கதையில் மனிதன் பிந்தி வந்தவன் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு முன்பே கொடுத்தது குதிரை. 1890-களில் தொண்டை அடைப்பானுக்கு மருந்து எடுத்தது அதன் கழுத்திலிருந்துதான். இன்றைக்கும் இந்தியாவில் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் விஷமுறிவு குதிரைப் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதே. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகத்திடமும் கண்ணாடிவிரியனிடமும் விஷம் எடுத்துத் தருகிறார்கள். அது ஆலைக் குதிரைக்கு அணு அணுவாக ஏறி, எதிர்ப்பாகி, ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்வரை வருகிறது. குதிரைக்குக் கூலி கொள்ளு. இதில் ஒழுக்கக் கேள்வி கேட்டவர் குறைவு.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன். பதினான்கு வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. அடுத்தவர் ரத்தத்தில் பிழைத்தார். வயது வந்ததும் 1954-இல் கொடுக்கத் தொடங்கினார். அவர் ரத்தத்தில் ஒரு அபூர்வ எதிர்ப்புப் புரதம் இருந்தது. ஆர்ஹெச் நெகட்டிவ் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால் தாயின் உடம்பே அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தை அழிக்கக்கூடும். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசிக்கு அவர் பிளாஸ்மா உதவியது. 2018-இல் 81 வயதில் விதிப்படி நிறுத்தும்வரை 1,173 தடவை. ஒரு தடவையும் ஊசி குத்துவதைப் பார்த்ததில்லையாம், பயம். 2025 பிப்ரவரியில் தூக்கத்திலேயே இறந்தார். நம் ஆட்களுக்கு இந்த ஊசி கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்: சீனரிடையே நெகட்டிவ் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, இந்தியரிடையே ஏறக்குறைய ஐந்து பேர்.

ஆண்டொங்கிலிருந்து குப்பி திரும்பி வருகிறது. யாருக்கு? எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கவாசாக்கி நோய். டோமிசாக்கு கவாசாக்கி என்ற குழந்தை மருத்துவர் 1967-இல் ஜப்பானில் எழுதி வைத்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, ஆசியப் பிள்ளைகளுக்கு அதிகமாக. ஐந்து நாளுக்கு மேல் விடாத ஜுரம், சிவந்த கண், ஸ்ட்ராபெரிபோல நாக்கு, பிறகு விரல்நுனியில் தோல் உரியும். ஜுரம் தானாகவே இறங்கிவிடும், அதுதான் ஆபத்து. இறங்கியபின் இதயத்தின் ரத்தக்குழாய் பலூன்போல வீங்கியிருக்கும். மருந்தில்லாமல் விட்டால் நான்கில் ஒரு பிள்ளைக்கு. பத்து நாளுக்குள் எதிர்ப்புப் புரதத்தை நரம்பில் ஏற்றினால் இருபதில் ஒன்றுக்கும் குறைவாகிறது என்று எண்பதுகளில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் காட்டின.

அளவு கிலோவுக்கு 2 கிராம். பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு 24 கிராம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் நான்கிலிருந்து ஐந்து கிராம்தான் தேறும். ஆக ஐந்தாறு லிட்டர். என்னைப்போல முழு ரத்தம் கொடுக்கிறவர்கள் இருபது, இருபத்தைந்து பேர் வரிசையில் படுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை. எங்கள் சமூக மன்ற மண்டபம் காலையில் பாதி நிரம்பினால் ஒரு பிள்ளை. பிறவியிலேயே எதிர்ப்புப் புரதம் சுரக்காதவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் 1952-இல் எட்டு வயதுப் பையன் ஒருவனின் ரத்தத்தில் அந்தப் புரதமே இல்லை என்று கண்டு, வெளியிலிருந்து ஊசியாகக் கொடுத்து, திரும்பத் திரும்ப வந்த கடும் தொற்றுகளை நிறுத்தினார். அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க. இயந்திரத்தில் எடுக்கும் பெரிய பைகளாகவே கணக்கிட்டாலும் ஒருவருக்கு வருடத்துக்கு 130 பை என்கிறார்கள். நரம்பு தளர்ந்து கால் விழுந்துவிடும் கியோன்-பாரே நோய்க்காரரும், தட்டணு திடீரென்று சரிந்தவரும் அதே குப்பிக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சும்மா கொடுக்கிறவர்களின் கைகள் மட்டும் போதவில்லை என்று புரியும். சிங்கப்பூர் மருத்துவமனைகளில் வணிக நிறுவனங்களின் குப்பிகளும் உண்டு. ஆங் மோ கியோ மைலோவும் டெக்சஸ் மளிகைப் பணமும் ஒரே குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் நிற்கலாம். குழந்தையின் நரம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆங் மோ கியோ என்ற பேருக்கு ஹொக்கியன் மொழியில் இரண்டு அர்த்தம் சொல்கிறார்கள். செந்தலையன் பாலம், அதாவது வெள்ளைக்காரன் கட்டிய பாலம் என்று ஒன்று. செந்தலையன் கத்தரிக்காய், அதாவது தக்காளி என்று இன்னொன்று. வெளியிலிருந்து வந்ததை உள்ளூர்க் காய்க்கு ஒப்பிட்டுப் பேர் வைத்து நம்முடையதாக்கிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. குப்பியும் அப்படித்தான்: அதற்குள் எத்தனை ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

அக்கா மகனை மறுவாரம் நானே அழைத்தேன். "அந்தப் பையன் குடுக்கட்டும், அது அவன் பாடு. அவனாலதான் பல பேர் பிழைக்கிறாங்க. நீ போறதா இருந்தா வாரம் ரெண்டு தடவை வேண்டாம், நல்லாச் சாப்பிட்டுட்டுப் போ, பரீட்சை வாரத்துல போகாதே. மளிகைக்குப் பணம் இல்லைன்னா முதல்ல மாமாவைக் கேளு."

"சரி மாமா. நீங்க சும்மா குடுக்கிறது உங்களுக்கு உறுத்தலையா?"

"எதுக்கு உறுத்தணும்?"

"உங்களால சும்மா குடுக்க முடியுது. அதுக்குச் சொன்னேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

குழந்தைகள் பிரிவில் குப்பி வரும்போது அறைச் சூட்டுக்கு வரக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள். தாதி ஒருவர் அட்டையின் தொகுதி எண்ணைப் படிப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார், குழந்தையின் ஏட்டில் எழுதுவார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஒரு தொட்டி, தொட்டியின் பின்னால் ஆயிரக்கணக்கான பைகள், அவற்றில் ஒன்றில் நான் இருக்கலாம். ஏற்றும்போது தொடக்கத்தில் மிக மெதுவாக. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜுரம், நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, பிறகு வேகத்தைக் கூட்டுவார்கள். பல மணி நேரம். பெற்றோரில் ஒருவர் கைப்பேசியில் கார்ட்டூன் காட்டிக்கொண்டிருப்பார்.

நான் கொடுத்த நாளில் பையை ஒரு தட்டில் வைத்து நிறுத்தாமல் ஆட்டினார்கள். இந்தக் குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். தாதி அதை இரண்டு கையாலும் எடுத்து, அப்படியே மெல்லக் கொக்கியில் மாட்டுகிறார்.